வளைந்த விரல்கள்: டாக்டர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கை



இந்தக் காலாண்டில் நம் குடியிருப்பில் வாக்கர் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பைக்கில் போகும்போது அடிபட்டவர், முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் என்று ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவராவது இருக்கிறார். லிஃப்ட்டில் பார்த்தால் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். கட்டு எப்போது பிரிப்பார்கள், பிசியோதெரபிக்கு ஆள் வருகிறாரா என்றும் விசாரிக்கிறோம். மனது எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. கேட்டாலும் அவர்கள் பரவாயில்லை என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

எலும்பு கூடும் காலத்தில் மனம் உடைந்துபோவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் விஷயம். அதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தபோது, நம் மதுரையிலேயே வாழ்ந்த ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. அவர் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. மருத்துவமனை வட்டாரத்தில் அவர் டாக்டர் வி. அவர் 2006-இல் மறைந்தார். மருத்துவமனையின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்னால் அவர் படுக்கையில் கிடந்த நாட்களின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மணலில் எழுதிய விரல்

1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரம் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கரிசல் பூமி. மதுரையிலிருந்து தெற்கே போனால் இன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தக் காலத்தில் அது வேறு உலகம். ஊரில் பிள்ளைகளுக்குக் காகிதமும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். மாடு மேய்ப்பதும் பள்ளிக்கூடம் போவதும் ஒரே நாளின் இரண்டு வேலைகள்.

அந்தச் சிறு வயதில் அவர் மனதில் ஒரு காயம் விழுந்தது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளை பெறுவதற்கு முன்னரே, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இறந்து போனார்கள். பார்க்க ஊரில் டாக்டர் இல்லை. தான் டாக்டர் ஆக வேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசை அப்போது பிறந்தது.

மதுரைக்கு வந்து அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-இல் டாக்டர் ஆகி வெளியே வந்தார். அடுத்த ஆண்டே ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அது முடிந்ததும் மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு என்பது அவருடைய திட்டம். கரிசல் காட்டுப் பையன் ஒருவன் போட்ட கணக்கு அதுவரை ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

படுக்கை

1948-இல், 30 வயதில், அவருக்கு முடக்குவாதம் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வயதானால் வரும் மூட்டு வலி வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்புறத்தைத் தாக்கி வீங்க வைக்கும். நாளாக நாளாக மூட்டு அரிக்கப்பட்டு, விரல்கள் திருகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்றைக்கு இருக்கும் மருந்துகள் பல அன்றைக்கு இல்லை. ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஒரு வருடத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நிற்க முடியாது. நடக்க முடியாது. பேனாவைப் பிடிக்க முடியாது. மணலில் எழுதிப் பழகிய அந்த விரல்கள் நிரந்தரமாக வளைந்து போயின.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த மாதிரிக் கதைகளைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டி, அடுத்த பத்தியில் அவரைப் பெரிய டாக்டர் ஆக்கிவிடுவார்கள். படுக்கையில் கிடந்தவருக்கு அந்த அடுத்த பத்தி தெரியாது. வேலை போய்விட்டது. சம்பாதிக்க வேண்டிய வயதில் சம்பாத்தியம் இல்லை. அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளை. பின்னால் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து கண்ட கனவு, கையில் இருந்து நழுவிவிட்டது. பிரசவம் பார்க்கும் டாக்டர் நேரம் காலம் பாராமல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கையில் பலம் வேண்டும். அவருக்கு இரண்டும் இல்லை. அதோடு வலி. ராத்திரி தூங்க விடாத வலி. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடும். அப்படிக் கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கு நேர்ந்தது விபத்து அல்ல, நோய். ஆனால் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருப்பவரும் இதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

வேலூரில் ஒரு பெண்

சில ஆண்டுகள் கழித்து வேலூரில் இதே போன்ற ஒன்று நடந்தது. கொச்சிக்குப் பக்கத்தில் செராய் என்ற ஊரில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே மகளிர் மருத்துவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். வெங்கடசாமி விரும்பிய அதே துறை. 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வண்டியில் போனபோது விபத்து. முகத்தில் பலத்த அடி. முதுகெலும்பிலும் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. வயது 28.

மேரி உடைந்துபோனார். இனி எதற்காகப் பிழைத்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்த மாதங்கள் உண்டு. அவரை எழுப்பி உட்கார வைத்ததில் டாக்டர் பால் பிராண்டுக்குப் பெரிய பங்கு. தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையில் சரி செய்தவர் அவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்ற யோசனையை அவர்தான் மேரியிடம் வைத்தார். தேறிவிடுவாய் என்று தட்டிக்கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1986-இல் அவர் காலமானார். இன்றைக்கும் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்து வேலூருக்குப் போய், மறுபடி வாழப் பழகிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இருவருக்கும் பழைய உடம்பு திரும்பக் கிடைக்கவில்லை. இருவரும் பிரசவ அறைக்குத் திரும்பிப் போகவில்லை. மிச்சம் இருந்த உடம்புக்குப் பொருந்துகிற வேறொரு வேலை அவர்களுக்குக் கிடைத்தது.

மறுபடி பேனா, பிறகு கத்தி

வெங்கடசாமி தேர்ந்தெடுத்தது கண் மருத்துவம். கண் சின்ன இடம். அங்கே தேவைப்படுவது புஜ பலம் இல்லை, விரல் நுனியின் நிதானம். ஆனால் அவரிடம் கெட்டுப்போயிருந்ததே அந்த விரல்கள்தான். முதலில் நிற்கப் பழகினார். பிறகு நடக்க. பிறகு பேனாவைப் பிடிக்க. அதற்குப் பிறகுதான் கத்தியைப் பிடிக்க. தன் விரல்களின் வளைவுக்கு ஏற்ற கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டார்.

இதில் நாம் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கைகளைப் பார்த்த பிறகும் கண் அறுவை சிகிச்சை படிக்க அவருக்கு இடம் கொடுத்தார்கள். இவரால் முடியாது என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சென்னையில் 1951-இல் கண் மருத்துவப் பட்டயம் முடித்தார். 1954-இல் எம்.எஸ். பட்டம். மேரி அடிபட்ட அதே ஆண்டில் இவர் அறுவை சிகிச்சை நிபுணர் ஆகிவிட்டார்.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். முடக்குவாதம் வந்தது 1948-இல். எம்.எஸ். முடித்தது 1954-இல். இடையில் ஆறு வருடம். ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்த பிறகும் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார் என்று வீட்டில் கேட்கிறோமே, அவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் அவருக்குப் பிடிமானமாக இருந்தது ஸ்ரீ அரவிந்தர், அன்னை ஆகியோரின் சிந்தனை. வலி அவரை விட்டுப் போகவில்லை. வலியோடு சேர்ந்து வாழ அந்தச் சிந்தனை உதவியது. பின்னால் மருத்துவமனைக்கு அரவிந்தர் பெயரையே வைத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோரிப்பாளையத்திலிருந்து அண்ணா நகர் வரை

1956-இல் மதுரைக்கே வந்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் அறுவை சிகிச்சை நிபுணர். பழைய மதுரைக்காரர்கள் எர்ஸ்கின் என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அது. அங்கே 20 வருடம் வேலை பார்த்தார். கண்புரையால் பார்வை போனவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், அவர்களிடம் நாம்தான் போக வேண்டும் என்று கிராமங்களுக்குப் போய் முகாம்கள் போட்டார். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், கண் முகாம் பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள். அந்த வளைந்த விரல்கள் வாழ்நாளில் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அந்த ஆண்டே 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கையில் பெரிய முதல் இல்லை. குடும்பத்தாரின் சேமிப்பும் நகைகளும்தான் முதல். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே நின்றார்கள். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது என்பது அடிப்படைக் கணக்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் வந்தது. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் பரவின. இன்று அது உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்று. 2006 ஜூலை 7 அன்று, 87 வயதில் டாக்டர் வி. காலமானார்.

அடுத்த தடவை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள். அவர் படித்த அமெரிக்கன் கல்லூரி, வேலை பார்த்த பெரியாஸ்பத்திரி, அண்ணா நகரில் அவர் கட்டிய மருத்துவமனை மூன்றும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அவருடைய புகைப்படம் எங்காவது கண்ணில் பட்டால் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளையும் பாருங்கள். கடைசி வரை அந்த விரல்கள் நிமிரவே இல்லை.

இந்தக் கதையை யாரிடம் சொல்லக் கூடாது

இவ்வளவு எழுதிவிட்டு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் படுத்திருப்பவரிடம் போய், பார் அவர் எப்படிச் சாதித்தார், நீ ஒரு காலுக்கே இப்படிச் சுருண்டு கிடக்கிறாயே என்று சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே தன்னைச் சுமையாக நினைத்துக்கொண்டிருப்பவர் தலையில் இன்னொரு சுமை வைத்தது போல் ஆகிவிடும். மனச்சோர்வு சோம்பேறித்தனம் அல்ல, தைரியக் குறைவும் அல்ல. வலி, தூக்கமின்மை, நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பது, பாத்ரூம் போகக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்து கொண்டுவரும் நோய் அது. மருந்தாலும் பேச்சு சிகிச்சையாலும் குணமாகக்கூடியது. கவனிக்காமல் விட்டால் எலும்பு தேறுவதையும் அது தாமதப்படுத்தும். மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிட மாட்டார், உடற்பயிற்சி செய்ய மாட்டார். செய்யாவிட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும். அதைப் பார்த்து மனம் இன்னும் சோரும்.

என்ன கவனிக்க வேண்டும்? ராத்திரி தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புகிறார். எதற்கெடுத்தாலும் எரிச்சல். பிடித்த சீரியலோ கிரிக்கெட்டோ ஓடினாலும் பார்ப்பதில்லை. போனை எடுப்பதில்லை. எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நம் பெரியவர்கள் மனம் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு அசதி, வயிறு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், கட்டுப் போட்ட டாக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நாம் என்ன செய்யலாம்? பழங்களோடு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்கிறோம். மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் வீடு வெறிச்சோடிப் போகிறது. அப்போது போங்கள். பத்து நிமிடம் போதும். சாயங்காலம் லிஃப்ட்டில் கூட்டி வந்து கீழே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள். சங்கத்தின் வரவு செலவைச் சரிபார்க்கப் படுத்திருப்பவராலும் முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர வாக்கர் ஒரு தடை இல்லை. இந்த இதழின் பிழை திருத்தவும் ஆள் தேவைப்படுகிறது. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேவைப்படுகிறது.

படுத்தபடியே இதை மொபைலில் படித்துக்கொண்டிருப்பவர் நீங்களாக இருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டாம். டாக்டர் வி. முதலில் செய்தது எழுந்து நின்றது மட்டும்தான். அதற்கே அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு உங்களால் ஜன்னல் வரை போக முடிந்தால் அதுவரை போங்கள். முடியாவிட்டால், மனம் சரியில்லை என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.